வால்பேப்பர்ப் பொழுதியல்: மதுரை நிலத்துக்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூலுக்குள் நுழைவது வாசல் தட்டாமல் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம். ஆகவே சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூலார் கேட்கும் எட்டையும் முதலிலேயே ஒப்படைத்துவிடுகிறோம்.

ஆக்கியோன்: மணி பார்க்கச் செல்போனை எடுத்து, மணி பார்க்காமலே உள்ளே வைக்கும் மதுரைக்காரன். வழி: ஆப்பிள் நிறுவனத்தார் வகுத்த வழியும் அதை மறுக்கும் வழியும். எல்லை: வடக்கே அழகர்மலை, கிழக்கே யானைமலை, தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே நாகமலை. நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: விரித்தல், சில இடங்களில் இழுத்தல். நுதலிய பொருள்: பொழுதுக்குப் பொழுது தானாக மாறும் வால்பேப்பர். கேட்போர்: சார்ஜ் இருபது சதவீதத்துக்கு மேல் வைத்திருப்போர். பயன்: அறம், பொருள், இன்பம், வீடு நான்கும் இதில் கிட்டா. பேட்டரி கொஞ்சம் மிஞ்சலாம்.

முன்னோர் கொள்கை

பொழுது பார்த்து மாறும் வால்பேப்பர் நேற்று வந்ததன்று. 2010இல் ஆண்ட்ராய்டு 2.1 வெளிவந்தபோதே அதில் ஒரு புல்வெளி இருந்தது. புல் காற்றில் ஆடும். பின்னால் வானம் நேரத்துக்கேற்ப நிறம் மாறும். 2018இல் ஆப்பிள் நிறுவனத்தார் மொஹாவி என்ற பெயரில் கணினி மென்பொருள் ஒன்றை வெளியிட்டு, கூடவே கலிஃபோர்னியாப் பக்கத்துப் பாலைவன மணல்மேடு ஒன்றைத் திரையில் வைத்தார்கள். ஒரே மேடு, காலை முதல் நள்ளிரவு வரை பதினாறு படங்கள், பதினாறும் ஒரே ஹெச்இஐசி கோப்புக்குள். ஒவ்வொரு படத்தோடும் சூரியனின் உயரம் எத்தனை பாகை, திசை எத்தனை பாகை என்று ஒரு குறிப்பு ஒட்டியிருக்கும். நீங்கள் இருக்கும் ஊரில் இந்த நேரத்தில் சூரியன் எங்கே நிற்கிறது என்று கணினி கணக்குப் போட்டு, அதற்கு நெருங்கிய படத்தை எடுத்துக் காட்டும். பதினாறு பேறும் பெறுக என்று வாழ்த்துகிற ஊர்க்காரர்களுக்கு எண்ணிக்கையில் குறை சொல்ல இடமில்லை.

குறை திணையில் இருக்கிறது. பாலைக்குத் தொல்காப்பியர் கொடுத்த சிறுபொழுது நண்பகல் ஒன்றே. அதே பாலைக்கு ஆப்பிள் நிறுவனத்தார் வைகறை, மாலை, யாமம் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார்கள். இது வழுவா எனின், அன்று. பொழுது மயங்கலாம், நிலம் மயங்கக்கூடாது என்பதே இலக்கணம். ஆகவே மணல்மேட்டில் நிலாக் காய்வதை மன்னிக்கலாம். அந்த மணல்மேடு தல்லாகுளத்தில் ஒரு வங்கிக் கணினியில் வந்து உட்காருவதுதான் நில மயக்கம். அதற்கு மன்னிப்பில்லை.

அப்படியானால் நம் நிலத்துக்கு முன்னோர் எவரும் இல்லையோ எனின், இருக்கிறார். மாங்குடி மருதனார். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைத் தலைவனாக்கி அவர் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடி. பத்துப்பாட்டில் அதுவே நீளம். அதில் ஒரு பெரும்பகுதி இந்த ஊரின் பொழுதுகள். பகலில் நாளங்காடி, மாலையில் அல்லங்காடி, பிறகு இரவின் யாமங்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் விடியல். கடையடைக்கிறவர் ஒரு யாமத்தில், கள்வரும் காவலரும் இன்னொரு யாமத்தில். கவனிக்க வேண்டியது இதுதான்: மருதனார் படம் மாற்றுவது சூரியனின் பாகையைப் பார்த்தன்று, தெருவில் யார் நடமாடுகிறார் என்பதைப் பார்த்து. இந்த நூலின் கொள்கை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம். மீதி எல்லாம் உரை.

சட்டகம் மாறாமல் தோற்றம் மட்டும் மாற வேண்டும் என்ற விதிக்கும் முன்னோடி இங்கேயே உண்டு. கருவறையில் மூலவர் நகர்வதில்லை. காலந்தோறும் பூசை, பூசைக்கேற்ற அலங்காரம். சேவிக்க வருகிறவன் நிற்கும் இடமும் மாறுவதில்லை, கூட்டம் அனுமதித்தால். காமராவை ஓரிடத்தில் ஊன்றிவிட்டுப் பொழுதை மட்டும் மாற விடுவது என்ற நுட்பத்துக்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

அளவை

ஒரு பொருளை நிறுவ அளவை மூன்று: காட்சி, கருதல், உரை. இவ்வாய்வு மூன்றையும் கைக்கொண்டது.

முதலில் கருதல். மதுரை ஏறத்தாழ 78.12 பாகை கிழக்கு நெட்டாங்கில் இருக்கிறது. 1906 முதல் நம் கடிகாரங்கள் 82.5 பாகையின் நேரத்தைக் காட்டுகின்றன. பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கினால், மதுரைச் சூரியன் மதுரைக் கடிகாரத்துக்குச் சராசரியாகப் பதினேழரை நிமிடம் பிந்தி நடக்கிறது. உச்சிப்பொழுது என்று நாம் நம்பும் 12 மணிக்கு இங்கே உச்சிப்பொழுது வருவதே இல்லை. நவம்பர் தொடக்கத்தில் 12.01க்கு வந்து மானத்தைக் காப்பாற்றும். பிப்ரவரி நடுவில் 12.32 ஆக்கிவிடும். சூரிய உதயமும் 5.55க்கும் 6.40க்கும் இடையே போய்வரும். ஆறு மணி என்றால் விடியல் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிய வால்பேப்பர், தை மாதத்தில் நாற்பது நிமிடம் முன்னதாகவே விடிந்துவிடும். ஜன்னலில் இருட்டு, போனில் வெயில்.

இதைவிடப் பெரிய சிக்கல் திசையில். மொஹாவிப் பாலைவனத்தில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே நிற்கும். தலைக்கு நேர் மேலே ஒருநாளும் வராது. மதுரையின் அகலாங்கு ஏறத்தாழ 9.93 பாகை. ஆகவே ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை சூரியன் சரியாக உச்சந்தலைக்கு வரும். அன்று நட்ட கம்பத்துக்கு நிழலில்லை. இவ்விரு நாள்களுக்கும் இடையே, அதாவது கத்திரி வெயில் உட்பட நான்கு மாதத்துக்கு மேல், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்குப் பார்த்த வாசல் குளிர்ச்சி என்று சொல்லி வீட்டை விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். மொஹாவிப் படத்திலோ அந்நேரமும் நிழல் வடக்கே விழுந்துகொண்டிருக்கும். மே மாதத்து மதுரையில் இது அப்பட்டமான பொய்ச்சாட்சி.

அந்தி விஷயத்திலும் அப்படியே. சூரியன் மறைந்த பின் விளக்கில்லாமல் முகம் தெரிகிற நேரம் நமக்கு ஏறத்தாழ 22 நிமிடம். லண்டனில் ஜூன் மாதத்தில் அது முக்கால் மணி நேரத்தைத் தாண்டும். செக்கர் வானத்துக்கு நாலைந்து படம் ஒதுக்குவது அங்கே நியாயம். இங்கே ஒன்று போதும். இரண்டாவது படம் ஏற்றப்படுவதற்குள் டியூப்லைட் போட்டுவிடுவார்கள்.

அடுத்து உரையளவை. ஆப்தர் வாக்காக மாசி வீதி முனையொன்றின் டீக்கடைக்காரரைக் கொண்டோம். ராத்திரி எப்போது முடிகிறது என்பது வினா.

“கடைசி பரோட்டா கல்லை விட்டு எறங்குனா ராத்திரி முடிஞ்சது தம்பி. மொத பூ மூட்டை வந்து எறங்குனா விடிஞ்சது.”

“ரெண்டுக்கும் நடுவுல இருக்கே, அது என்ன பொழுதுண்ணே?”

“அதுக்குப் பேரெல்லாம் கெடையாது. அப்பத்தான் நான் கல்லாவை எண்ணுவேன். அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது.”

மருதனாரும் இவரும் ஒரே மரபினர் என்பது இதனால் பெறப்படும்.

பொழுது வகை

இனிக் காட்சியளவை. ஆப்பிளுக்குப் பதினாறு என்றால் நமக்கு ஆறு. சிறுபொழுது ஆறு, ஒன்றுக்குப் பத்து நாழிகை, நாழிகை 24 நிமிடம், ஆகப் படத்துக்கு நான்கு மணி நேரம். சட்டகம் ஒன்று: அதே மாசி வீதி முனை. இடப்பக்கம் பூக்காரம்மாவின் பலகை, வலப்பக்கம் டீக்கடை, நடுவில் ஜவுளிக்கடை ஷட்டர், மேலே எட்டிப் பார்க்கும் கோபுரம்.

வைகறை, 2 முதல் 6 வரை. வானம் கருப்பு, தெரு அப்படியன்று. மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து மூட்டை வந்து இறங்குகிறது. பலகையில் ஈரத்துணி, துணிமேல் மல்லிகை மொட்டு. வெயில் ஏறுமுன் பறித்தது, அரிசி வெண்மை, வாய் இறுகக் கூம்பியிருக்கும், விரலால் அழுத்தினாலும் விரியாது.

காலை, 6 முதல் 10 வரை. டீக்கடைப் பாய்லரின் ஆவி, பள்ளிக்கூட வேன், ஷட்டர் பாதி. மொட்டு இன்னும் வாய் திறக்கவில்லை. விலை மட்டும் திறந்துவிட்டது.

நண்பகல், 10 முதல் 2 வரை. கோயில் நடை சாத்தியாயிற்று. பலகைமேல் கோணிச்சாக்கு, சாக்கின்மேல் தண்ணீர்த் தெளிப்பு. இந்தப் படத்தைப் பளீரென்று எடுப்பது புதியவர் செய்யும் தவறு. ஐகான்களின் பெயர்கள் வெள்ளை எழுத்து. வெளுத்த தெருமேல் அவை காணாமல் போகும். அதற்காக அடியோடு இருட்டவும் கூடாது. வெளியில் நின்று பார்த்தால் கண்ணாடியில் நம் முகமே தெரியும். கோபுர நிழல் பக்கமாகச் சற்றுக் குறைத்து எடுப்பது இலக்கணம்.

எற்பாடு, 2 முதல் 6 வரை. பூக்காரம்மா வாழைநாரை நனைத்து, இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். கண் கஸ்டமர்மேல், கை தன்பாட்டில். இங்கே தொழில்நுட்ப விதி ஒன்று: செல்போன் காமராவின் தானியங்கி வண்ணச் சமநிலையை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் மஞ்சள் வெயிலைக் கோளாறு என்று எண்ணி அது வெள்ளையாக்கும். எற்பாடு செத்துக் காலையாகப் பிறக்கும்.

மாலை, 6 முதல் 10 வரை. மொட்டு விரிகிறது. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மணத்தைத் திரைக்குள் கொண்டுவரும் குறியீடு இன்னும் எவருக்கும் கிடைக்கவில்லை. தெருவில் ஆள் மிகுதி; சட்டகத்தில் குறுக்கே போகிறவர்களை விலக்காமல் எடுக்க வேண்டும்.

யாமம், 10 முதல் 2 வரை. பள்ளியறைப் பூசை முடிந்து நடை சாத்திவிடுவார்கள். கொத்துப் பரோட்டாச் சத்தம் சாத்தாது. பலகையில் மீந்த முழம், ஓரத்தில் பழுப்பேறிக் கிடக்கும். ஆப்பிளின் பதினாறாம் படத்தில் இந்நேரம் நீல இருட்டு. நம் ஆறாம் படத்தில் கல்லின் கீழ் நெருப்பு, மேலே எல்இடி பல்பு, சுற்றிலும் பசியோடு நாலு பேர்.

தடையும் விடையும்

ஆறு படமும் அழகுதான். வங்கி ஆப், ரயில் ஆப், கேஸ் புக்கிங் ஆப் எல்லாம் மேலே வந்து அமர்ந்துகொண்டால் எதைப் பார்ப்பது எனின், கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டினால் கோபுரம் இல்லை என்று ஆகுமோ? ஆகாது என்க.

பொழுதறிய வால்பேப்பர் எதற்கு, குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரியப்பா அனுப்பும் காலை வணக்கம் போதாதா எனின், போதாது. ரோஜாப்பூவும் சூரியோதயமும் அனுப்புவதில் அவர் ஆப்பிளைவிடத் தவறாதவர் என்பது உண்மையே. ஆனால் அவர் எழுவது மூன்றரை மணிக்கு. அவர் விடியலை ஊர் விடியலாகக் கொள்ள முடியாது.

பேட்டரி தீராதா எனின், படம் மாறுவது நாளுக்கு ஆறே முறை என்பதால் தீராது. ஓஎல்இடி திரையில் கருப்புப் புள்ளிகள் எரிவதே இல்லை; ஆகவே வைகறை வானம் அங்கே சிக்கனம். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரியும். அங்கே அதே வானம் வெறும் அழகு.

சாமி படம் அல்லது பிள்ளை படம் வைத்திருப்போர் என்ன செய்வது எனின், அவர்களுக்கு இந்நூல் விலக்கு. பிள்ளை தானே மாறிக்கொள்ளும்.

துணிபு

இவற்றால் துணியப்படுவன: ஒன்று, மதுரைக்கான பொழுதுப்படம் சூரிய பாகையால் மட்டும் மாறலாகாது, தெருவின் தொழிலால் மாற வேண்டும். இரண்டு, படத்தில் மணலோ பனிமலையோ இருத்தல் கூடாது. ஆள் இருக்க வேண்டும். மூன்று, எடுப்பதற்குப் பெரிய காமரா வேண்டாம். போன் அசையாதபடி ஊன்ற ஒரு தாங்கி, டீக்கடைக்காரரின் அனுமதி, பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கும் பண்பு, இவை போதும். நான்கு, இரவு 11 மணிக்குத் திரையை இருட்டாக்கி இந்த ஊரைத் தூங்க வைக்கும் வால்பேப்பர் எந்தக் கம்பெனியுடையதானாலும் மதுரை எல்லைக்குள் செல்லாது. வைத்திருப்போர் இன்று மாலைக்குள் மாற்றிக்கொள்க.