மருந்து மாறியது, மூச்சு மாறியதா?

கேள்வி: எனக்கு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). பல வருஷமாகப் பம்ப் அடித்தேன். இப்போது கேப்சூல் போட்டு இழுக்கும் கருவிக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்றுமே உள்ளே போகிற மாதிரி இல்லை. பழசே தேவலையா? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: பழைய பழக்கத்தில் மெதுவாக இழுக்கிறீர்களோ என்பதுதான் என் முதல் சந்தேகம். பம்ப்பில் மருந்தை வாயு தள்ளிவிடும். நீங்கள் நிதானமாக நாலைந்து விநாடி இழுத்தால் போதும். கேப்சூல் கருவியில் தள்ள ஆளில்லை. பொடியைக் கிளப்பிக்கொண்டு போவது உங்கள் மூச்சின் வேகம்தான். முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விடுங்கள். கருவிக்குள் ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டிக்கொள்ளும். பிறகு உதட்டை இறுக்கி, எடுத்த எடுப்பிலேயே வேகமாக, ஆழமாக இழுத்து 10 விநாடி அடக்குங்கள். கருவியைத் திறந்து பாருங்கள். பொடி மிச்சமிருந்தால் மறுபடி ஒரு இழுப்பு. அவ்வளவு வேகத்துக்கு நெஞ்சில் தெம்பில்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்பேசர் (பம்ப்போடு பொருத்தும் குழாய்) வைத்துப் பம்ப்புக்கே திரும்பலாம். இதையெல்லாம் பார்க்காமல் மருந்தைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: கருவியில் போட்டு இழுக்கப் புதிதாகக் கொடுத்த கேப்சூலை மாமியார் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டார்! (தேனி வாசகி)

பதில்: பதறாதீர்கள். பெரும்பாலும் கெடுதல் வராது, பலனும் வராது. டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்து, கருவியோடு சேர்த்தே வையுங்கள். செய்துகாட்டாமல் சீட்டை மட்டும் நீட்டியிருந்தால், தப்பு மாமியாருடையது அல்ல.

கேள்வி: அம்மாவுக்கும் சி.ஓ.பி.டி.தான். பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரை நிறுத்திவிட்டு மூச்சுக்குழாயை விரிக்கும் டயோட்ரோபியம் கலந்தது தந்திருக்கிறார்கள். பாதி வைத்தியமா இது? (அரியலூர் வாசகர்)

பதில்: இல்லை. ஆஸ்துமாவுக்குத்தான் ஸ்டீராய்டு அஸ்திவாரம். சி.ஓ.பி.டி.யில் அது எல்லோருக்கும் உதவுவதில்லை; நிமோனியா வரும் வாய்ப்பையும் கூட்டும். ரத்தத்தில் ஈசினோஃபில் (ஒரு வகை வெள்ளணு) எண்ணிக்கை 300-ஐத் தொட்டால் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். 100-க்குக் கீழே என்றால் அவ்வளவாக இல்லை. அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் இன்னமும் விறகடுப்பு எரிகிறதா? புகைபிடிக்காத பெண்களுக்கு இந்த நோய் வர அதுவும் ஒரு பெரிய காரணம். எந்த இன்ஹேலருக்கும் முன்னால் அம்மாவை அந்தப் புகையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள்.

கேள்வி: புதுசு வந்தாச்சு. பழசில் பாதி இருக்கிறது. சேர்த்தே அடித்துத் தீர்க்கலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. பெயர் வேறாக இருக்கும், உள்ளே மருந்து ஒன்றாக இருக்கும். இரட்டிப்பு அளவு போனால் படபடப்பும் கைநடுக்கமும் வரும். பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். எதை நிறுத்துவது, திடீர் இழுப்புக்கு எதைக் கையில் வைத்திருப்பது என்று டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். போகும்போது வீட்டிலுள்ள எல்லா இன்ஹேலரையும் பையில் போட்டு எடுத்துப்போய், அவர் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள்.