திறப்பு யாரிடம்?

2023ஆம் ஆண்டுக் கதை இது. 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' என்ற இலங்கை அரசின் கணினி முகிலுக்குள் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. ஐயாயிரம் அளவிலான அரச மின்னஞ்சல் முகவரிகள் மாட்டிக்கொண்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்துபோன கடிதங்களுக்கு மறுபிரதியே இல்லை. குறைசொல்லக் கூடாது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருளை 2023 வரை பழுதுபடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்களே! அப்போது டொலர் தட்டுப்பாட்டில் தவித்த நாட்டுக்கு இதைவிடச் சிக்கனம் உண்டா?

வலை விஷயத்தில் எங்கள் திருகோணமலைப் பக்கத்து மீனவக் கிராமம் இறக்கக்கண்டி கொஞ்சம் பழைய போக்கு. இங்கே ஓட்டையைக் கண்டால், கரையில் குந்தியிருந்து நைலோன் நூலால் பொத்திவிட்டுத்தான் தோணியைத் தள்ளுவார்கள். நிபுணத்துவம் போதாது.

ஆனால் எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றின் கட்டமைப்பை நாடு முழுவதற்கும் சிபாரிசு செய்கிறேன். ஒரு இரும்பு அலமாரி. உள்ளே நூல் கட்டிய, ஓரம் பழுப்பேறிய பதிவேடுகள். எந்த ஹேக்கரும் நுழைய முடியாது. கறையானுக்கு மட்டும் அனுமதி. எல்லாம் மூன்று பிரதி, இடையில் காபன் தாள். மூன்றாவது பிரதியில் ஒரு எழுத்தும் விளங்காது: அதுதான் குறியாக்கம்.

போன வாரம் ஒரு உறுதிப்படுத்தல் கடிதத்துக்குப் போனேன். அலமாரி பூட்டு. திறப்பு ஐயாவின் காற்சட்டைப் பையில். ஐயா மட்டக்களப்பில், பயிற்சிப் பட்டறையில். தலைப்பு: தரவுப் பாதுகாப்பு.

"திங்கட்கிழமை வாங்க தம்பி" என்றார் காவலாளி. கப்பம் ஒரு சதமும் கேட்கவில்லை.