‘செட்’ மாத்திரைக்கு உரிமம் வேண்டி

பெறுநர்: மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, புது டெல்லி.

ஐயா,

எங்கள் தெரு மெடிக்கலில் “காய்ச்சல், உடம்பு வலி, ஒரு செட் குடுங்க” என்றால் போதும். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, கேப்சூல் ஒன்று, பொடிசாக ஒன்று. வேளைக்கு ஒரு காகித உறை. பொடிசு எதற்கு என்று கேட்டேன். “அதுதாண்ணே வேலை செய்யும்” என்றார் கடைக்காரர். ஸ்டீராய்டாக இருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு நர்ஸம்மா. படித்தவர்களுக்கு எதிலும் சந்தேகம். கேப்சூல், ஆண்டிபயாட்டிக். வைரஸ் காய்ச்சலை அது தொடாது. இரண்டு வேளையோடு நிறுத்திவிடுவதால் பாக்டீரியாவும் அதனிடம் பயம் தெளிந்து பழகிக்கொள்கிறது.

இந்த நாலையும் ஒரே மாத்திரையாக அடித்து விற்க உரிமம் கோருகிறேன்.

முன்னுதாரணம் உண்டு. வயிற்றுப்போக்குக்கு ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை சக்கைப்போடு போடுகிறது. முன்னது பாக்டீரியாவுக்கு, பின்னது அமீபா வகையறாவுக்கு. இரண்டும் கூட்டணி வைத்து ஒரே ஆளைத் தாக்குவது அபூர்வம். பெரும்பாலோருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலே போதும். இருந்தாலும் எந்தக் கிருமி என்று யோசிக்கும் வேலை மிச்சம்தானே?

தங்கள் கையெழுத்துக்குத் தாமதமானாலும் கவலையில்லை. மத்திய அனுமதி இல்லாமலே மாநிலங்கள் கூட்டு மருந்துகளுக்கு உரிமம் தந்ததை 2012-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே எழுதிவைத்திருக்கிறது. தடைக்கும் நான் அஞ்சவில்லை. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை செய்தது. டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு உச்ச நீதிமன்றம், மருந்து ஆலோசனை வாரியம் என்று சுற்றி, 2018 செப்டம்பரில் 328-க்குத் தடை வந்தது. இரண்டரை ஆண்டு! எனக்கு ஒரு மழைக்காலம் போதும். 2024-இல் இன்னும் 156 போயினவாம். வெளியேற வெளியேற உள்ளே இடம் காலியாகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சில ஆண்டிபயாட்டிக்குகள் அடங்கிய எச்-1 அட்டவணை மருந்துகளை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி, மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் விதி. எங்கள் கடையிலும் அந்த நோட்டு இருக்கிறது, மடிப்புக் கலையாமல்.

விண்ணப்பத்தில் ‘உட்பொருள்கள்’ என்ற கட்டத்தை மட்டும் நிரப்ப முடியவில்லை. மருந்தின் பெயரும், சீட்டில்லாமல் சாப்பிடாதே என்னும் தங்கள் சிவப்புக் கோடும், கடைக்காரர் கத்தரித்துக்கொண்ட பாதி அட்டையில் இருக்கின்றன. தாங்களே பரிசோதித்து நிரப்பிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்

இணைப்பு: செட் ஒன்று (சாப்பாட்டுக்குப் பின்).