புகைக்கு எந்தப் பக்கம் வாசல்?

ஏலே பேராண்டி, அந்த ஸ்பேனரக் கீழ வச்சிட்டு இங்க வந்து உக்காரு. இந்த வீடு வாங்கும்போது வாசல் கிழக்கா வடக்கான்னு மூணு மாசம் பாத்தவன் நீ. மிச்சிகன்ல பனி கொட்டும்போது கிழக்கும் ஒண்ணுதான் வடக்கும் ஒண்ணுதான்னு சொன்னேன், கேட்டியா? இப்ப காரோட புகைக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கணும்னு மூணு வாரமா தூக்கமில்லாம அலையுத. இந்த வாஸ்துவுக்கு ஜோசியன் கிடைக்க மாட்டான். நாப்பது வருஷம் லாரிக்கு அடியிலயும் கிணத்து இன்ஜினுக்குப் பக்கத்துலயும் கிடந்த கெழவன் ஒருத்தன் ஓசிச் சோறு தின்னுக்கிட்டு இருக்கான், அவங்கிட்டக் கேளு.

மொதல்ல உன் வண்டி என்னன்னு பாப்போம். 1970-ஆம் வருஷத்து டாட்ஜ் சேலஞ்சர். பேரு பெத்த பேருதான். ஆனா உள்ள இருக்கது 318 இன்ஜின். எட்டு சிலிண்டர் இருக்கு, இல்லன்னு சொல்லல. கம்பெனியிலருந்து வரும்போது பின்னால ஒத்தைக் குழாயோட, பால்காரன் சைக்கிள் மாதிரி சாதுவா வந்த வண்டி. உனக்கு ஆசை அந்த டி.ஏ. மாடல் மேல. பக்கவாட்டுல குழாய் எட்டிப் பாக்கணும், அவ்வளவுதானே?

நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போன பிறகு நான் பகல் பூரா என்ன செய்யுதேன்னு நினைச்ச? யூடியூப்ல பூராக் கதையும் பாத்து முடிச்சாச்சு. டிரான்ஸ்-ஆம் பந்தயத்துல ஓடணும்னா அதே ஜாதி வண்டிய ஊர் ஜனங்களுக்கும் வித்திருக்கணும். அதுக்காக 1970 ஒரே ஒரு வருஷம் செஞ்ச வண்டிதான் அந்த டி.ஏ. 340 இன்ஜின், அது தலையில மூணு கார்புரேட்டர். குழாய் பின்னால சைலன்சர் வரைக்கும் போயி, முகூர்த்த நேரத்துல மனசு மாறின மாப்பிள்ளை மாதிரி திரும்பி முன்னால வந்து, பின்சக்கரத்துக்கு முன்னுக்கு ரெண்டு பக்கமும் வாயத் தொறக்கும். அந்த வாய் தரையில இடிக்கக் கூடாதுன்னு பின்னால ஸ்பிரிங் பட்டைய இன்னும் வளைச்சு வண்டியத் தூக்கினான். பின்னால பெரிய டயர், முன்னால சின்ன டயர் போட்டான். ஒரு வாசல மாத்த வீட்டையே தூக்கிக் கட்டியிருக்கான்லா? நீ பட்டையத் தொடாம, டயரத் தொடாம, குழாய மட்டும் பக்கத்துல திருப்பப் பாக்குத. முதல் மேட்டுல ஏறி எறங்கும்போது குழாயோட உதடு ரோட்டுல கிடக்கும், பொறுக்கிட்டு வா.

அதெல்லாம் சமாளிச்சிருவேன்னு சொல்லுவ. சரி, சத்தத்துக்கு வருவோம். உனக்கு வேண்டியது சத்தந்தானே, புகையா வேணும்?

உன் இன்ஜின்ல வெடி எப்படிப் போகுதுன்னு எண்ணிப் பாத்திருக்கியா? ஒண்ணு, எட்டு, நாலு, மூணு, ஆறு, அஞ்சு, ஏழு, ரெண்டு. ஒத்தைப்படை சிலிண்டர் பூரா இடது பக்கம், இரட்டைப்படை பூரா வலது பக்கம். இப்ப தொடையில தாளம் போடு: இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது. பாத்தியா? கைமாத்திக் கைமாத்தி அடிக்காம ஒரே கை ரெண்டு தடவ விழுது. அந்தக் கோணல்தாண்டே அமெரிக்கா எட்டு சிலிண்டரோட உறுமல். தவில்காரன் ஒரு பக்கம் குச்சியால அடிக்கான், ஒரு பக்கம் விரலால அடிக்கான், ரெண்டும் சேந்தாத்தான் அது தவில். இடது குழாய இடது பக்கமும் வலது குழாய வலது பக்கமும் தொறந்து விட்டா, நீ இடது பாதியக் கேப்ப, உன் பெண்டாட்டி வலது பாதியக் கேப்பா. ரோட்டோரம் நிக்கவனுக்கு அவன் பக்கத்துப் பாதிதான். ரெண்டையும் பின்னால கொண்டுபோயிப் பக்கத்துல பக்கத்துல விட்டாத்தான் கச்சேரி சேரும். நடுவுல ரெண்டு குழாய்க்கும் ஒரு பாலம் போடு. எச் எழுத்து மாதிரி போட்டா அந்த உறுமல் கொஞ்சம் பதமாகும், ஆனா போகாது. எக்ஸ் மாதிரி போட்டா சத்தம் வழுவழுன்னு ஏறிப் போகும். அது வெளிநாட்டுப் பந்தயக் காருக்கு நல்லாருக்கும், உன் சேலஞ்சருக்கு மீசைய வழிச்ச மாதிரி இருக்கும்.

இன்னொரு யோசனையும் வச்சிருக்கியே, அந்தக் குழாய்க் கடைக்காரன் சொன்னது. பின் ஆக்ஸிலுக்கு முன்னாலயே குழாய வெட்டி, வாயத் தரையப் பாத்துத் திருப்பி விடுறது. செலவு கம்மி, ஒரு மணி நேர வேலை, ஆக்ஸிலுக்கு மேல குழாய வளைச்சு ஏத்துற தொல்லை இல்ல. அவனுக்கு எல்லாம் லாபந்தான். அந்தச் சத்தம் ரோட்டுல மோதி உன் காலுக்கு அடியில இருக்க தகரத்துல வந்து விழும். நெடுஞ்சாலையில ஒரே வேகத்துல போகும்போது ங்ங்ஙொய்ங்னு ஒரு ரீங்காரம் மண்டைக்குள்ள உக்காந்துக்கிடும். பத்து மைலுக்கு அது ஆனந்தம். நூறு மைலுக்கு மேல உன் பெண்டாட்டி பேசுறது உனக்குக் கேக்காது. அதுவும் ஆனந்தம்னு சிரிக்காத, கேக்காததுக்குக் கணக்கு வீட்டுல வந்து தீக்கணும்.

சத்தம் போகட்டும். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் சிரிக்க மாட்டேன்.

நம்ம ஊர்ல மழை பொய்ச்ச வருஷம் தண்ணி ஆழத்துக்குப் போயிரும். மேல இருக்க ஆயில் இன்ஜின் எக்காது. அதக் கயிறு கட்டிக் கிணத்துக்குள்ள பாதியில திட்டு வெட்டி எறக்கி வைப்போம். புகைக்குழாய மேல வரைக்கும் நீட்டணும். தகரத்துக்குக் காசில்லாம நீட்டாம ஓட்டுனவன் உண்டு. ஒரு நா சாயங்காலம் இன்ஜின நிறுத்த நான் எறங்கினேன். புகையும் வாடையும் பெருசா ஒண்ணும் தெரியல. மூணாவது படியில காலு என் காலா இல்ல. மேல நின்னவன் தலைமுடியப் பிடிச்சுத் தூக்கினான். அப்பல்லாம் முடி இருந்துச்சு எனக்கு. கண்ணு எரியிற புகைய மனுசன் விட்டு ஓடிருவான். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு கூப்பிடாம வந்து பக்கத்துல உக்காரும். ரத்தத்துல பிராணவாயுவ விட இருநூறு மடங்குக்கு மேல ஒட்டிக்கிடும்னு உன் பெண்டாட்டிதான் படிச்சுச் சொன்னா.

இப்ப உன் வண்டிக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பாரு. அம்பது வருஷத்துக்கு மேலான தகரம். டெட்ராய்ட்டுக்கு அடியிலயே உப்புச் சுரங்கம் இருக்கு. குளிர்காலத்துல இங்க ரோட்டுக்கு உப்புப் போடுத வேகத்தப் பாத்தா தூத்துக்குடி அளத்துக்காரனே மலைச்சுப் போவான். அந்த உப்பு தின்ன ஓட்டை பின்சீட்டுக்கு அடியில ரெண்டு இருக்கு, நான் விரல விட்டுப் பாத்துட்டேன். நீ சொல்லல, நானும் வீட்டுல சொல்லல. அந்த ஓட்டைக்கு நேர் கீழ குழாய் வாயத் தொறந்து வச்சிட்டு, சிக்னல்ல நிப்ப. மேல பின்சீட்டுல என் கொள்ளுப்பேத்தி உக்காந்திருப்பா.

அதனால ஓட்டைய அடைச்சிட்டு, குழாய ஆக்ஸிலுக்கு மேல ஏத்திப் பின்னால கொண்டு போ. ஆக்ஸில் மேலயும் கீழயும் ஆடும், இடிக்காம எடம் விடு, ரப்பர்ல தொங்க விடு. உன் 318-க்கு 2¼ அங்குலக் குழாய் தாராளம். மூணு அங்குலம் போட்டா சேவலுக்கு யானைத் தும்பிக்கை. வளைவுல நசுங்காம வளைக்கிற மிஷின் உள்ள கடையாப் பாத்துக் குடு. நுனி பம்பரத் தாண்டி வெளிய நீட்டணும். ஓடுற காருக்குப் பின்னால காத்து சுழிச்சுத் திரும்பும், புகையையும் கூட்டிக்கிட்டு வரும். டிக்கி ரப்பர் செத்துக் கிடக்கு, அதையும் மாத்து. நுனிய நேரா வெட்டுறதா சரிச்சு வெட்டுறதான்னு கேக்காத. அதுக்கு உன் பெண்டாட்டி நகப்பூச்சு வாங்குற கடையில போயிக் கேளு.

ஊருக்கு வெளிய கத்தணும், தெருவுக்குள்ள வந்தா அடங்கணும்னு ஆசைப்பட்டவன் நீ மட்டும் இல்ல. 1970-ல பான்டியாக் ஜி.டி.ஓ.வுல ஒரு குமிழ் வச்சிருந்தான். இழுத்தா சைலன்சர் தொறந்துக்கிடும், தள்ளுனா மூடிக்கிடும். சூப்பர் பவுல் அன்னைக்கு டிவியில விளம்பரமே போட்டான். மேலிடத்துப் பெரிய மனுசங்க பாத்துட்டு மூட்டை கட்டிட்டாங்க. கட்டின பெண்டாட்டி முன்னால ஒரு சத்தம், கூட்டாளிங்க முன்னால ஒரு சத்தம்னு நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு அந்தக் குமிழ் பொறவியிலயே இருக்கு, இவங்க புதுசா என்னத்தக் கண்டுபிடிச்சிட்டாங்க?

ஆகஸ்ட்டு மூணாவது சனிக்கிழமை உட்வர்ட் ரோட்டுல கார் ஊர்வலம் வருதுல்லா, 1995-லருந்து நடக்குதுன்னு சொன்னியே, அதுக்குள்ள வேலைய முடி. ஜன்னல எறக்கி விட்டு, ஒரு கைய வெளிய போட்டு, பந்தாவா ஓட்டு. தாத்தா முன்சீட்டுல வாங்கன்னு என்னைக் கூப்பிடாத. உள்ள இருக்கவனுக்கு சூடும் பெட்ரோல் வாடையுந்தான் மிச்சம். நான் பாப்பாவக் கூட்டிக்கிட்டு நடைபாதையில இந்த மடக்கு நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிடுதேன். எங்களத் தாண்டும்போது மட்டும் ஆக்ஸிலேட்டர லேசா ஒரு மிதி மிதிச்சிட்டுப் போ.