மாண்டவரை மோதவிடுபவர்

மாண்டவரை மோதவிடுபவர் என்பவர், ஒரே காலத்தில் மோத வழியில்லாத இரண்டு ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன்களைத் தன் தலைக்குள் இருக்கும் மேடையில் ஏற்றி, யார் ஜெயித்திருப்பார் என்று தீர்ப்பும் சொல்பவர். போட்டியை ஏற்பாடு செய்பவர், நடுவர், டிக்கெட் வாங்கிய ரசிகர் மூவரும் அவரே. உலகெங்கும் காணப்பட்டாலும் அமெரிக்காவின் முடிதிருத்தும் கடைகளிலும் மதுக்கடைகளிலும்தான் செழித்து வளர்கிறார். பெரும்பாலும் கையுறை மாட்டியறியாதவர். மாட்டி ஒரு குத்து வாங்கியிருந்தால் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டார். அடுத்தடுத்த வீட்டுக்காரர்களுக்கிடையே சிண்டு முடிகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவர் 1910க்கும் 1988க்கும் இடையே சிண்டு முடிகிறவர்.

இவரை அடையாளம் காண ‘உச்சத்தில்’ என்ற ஒரு சொல் போதும். அலி என்று சும்மா சொல்ல மாட்டார்; உச்சத்தில் இருந்த அலி என்பார். ஜோசியர் முகூர்த்தம் குறிப்பதுபோல நாளையும் குறித்துக் கொடுப்பார். அலிக்கு 1966 நவம்பர் 14, ஹூஸ்டன் நகரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்த இரவு. மைக் டைசனுக்கு 1988 ஜூன் 27, மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் படுக்கவைத்த இரவு. நேர்மையானவர் இருவருக்கும் முகூர்த்தம் பார்ப்பார். நேர்மை கொஞ்சம் குறைந்தவர் தன் ஆளுக்கு மட்டும் பார்த்துவிட்டு, எதிராளியை ராகுகாலத்தில் இறக்குவார். அலி கட்சிக்காரர் கொண்டுவரும் டைசன், 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்து, பல் கவசத்தைத் தரையில் துழாவிக்கொண்டிருப்பவர். டைசன் கட்சிக்காரர் கூட்டிவரும் அலி, 1980இல் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடி வாங்கிவிட்டு முக்காலியை விட்டு எழாதவர்.

நாள் குறித்தாயிற்று என்றால் அடுத்தது விதிமுறை. இங்கேதான் பொழுது போகும். 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் ஜாக் ஜான்சனும் ஜிம் ஜெஃப்ரீஸும் மோதியது 45 சுற்றுப் போட்டி. ஜான்சன் பதினைந்தாவதிலேயே முடித்துவிட்டார். அலி காலத்தில் பட்டப் போட்டி 15 சுற்று. 1982இல் கொரிய வீரர் கிம் துக் கூ பதினான்காம் சுற்றில் விழுந்து, சில நாட்களில் இறந்த பிறகு அது படிப்படியாகப் பன்னிரண்டாகக் குறைந்தது. ஜான்சனையும் டைசனையும் மோதவிட்டால் எத்தனை சுற்று வைப்பது? ஜாக் டெம்ப்ஸி காலத்தில் விழுந்தவன் எழும்வரை தலைமாட்டிலேயே நின்று, முழங்கால் நிமிர்ந்ததும் மறுபடி குத்தலாம். 1919இல் டொலீடோவில் ஜெஸ் வில்லர்டை முதல் சுற்றிலேயே ஏழு தடவை அப்படித்தான் சாய்த்தார். எதிராளியைச் சாய்த்தவர் ஒதுக்குப்புற மூலைக்குப் போன பிறகே எண்ண வேண்டும் என்ற புது விதியை மறந்து நின்றதால் 1927இல் சிகாகோவில் அதே டெம்ப்ஸிக்கு வினை வந்தது. ஜீன் டன்னிக்கு மூச்சு வாங்கச் சில வினாடி கூடுதலாகக் கிடைத்தது. எழுந்து ஜெயித்தும் விட்டார். ஆகவே டெம்ப்ஸியை எந்த விதிப்படி இறக்குவது என்று முடிவாவதற்குள் கடை சாத்தும் நேரம் வந்துவிடும்.

எடை விஷயத்தில் வில்லர்டு ஒரு சர்வரோக நிவாரணி. அவருக்கு ஆறரை அடி உயரம், 245 பவுண்டு எடை. டெம்ப்ஸி 187 பவுண்டு. பிற்காலச் சாம்பியனான ஆறடி ஒன்பது அங்குல டைசன் ஃப்யூரி முன்னால் டெம்ப்ஸி என்ன செய்வார் என்று யாராவது கேட்டால், “வில்லர்டு விழவில்லையா?” என்ற ஒற்றைக் கேள்வியே பதில். அந்த மனிதர் 1919இல் விழுந்தார். நூறு வருஷமாக அவரைத் தூக்கி நிறுத்தித் திரும்பத் திரும்ப விழவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவர் நம்பியிருக்கும் இன்னொரு ஆயுதம் பள்ளிக்கூடக் கணக்கு. அ, ஆவை அடித்தான். ஆ, இயை அடித்தான். எனவே அ, இயை அடிப்பான். 1971இல் ஜோ ஃப்ரேசியர் அலியைத் தோற்கடித்தார். 1973இல் கிங்ஸ்டன் நகரில் ஜார்ஜ் ஃபோர்மன் அந்த ஃப்ரேசியரை இரண்டே சுற்றில் ஆறு தடவை வீழ்த்தினார். அலியின் தாடையை உடைத்து ஜெயித்த கென் நார்ட்டனையும் ஃபோர்மன் இரண்டே சுற்றில் முடித்தார். கணக்குப்படி அலி உயிரோடு திரும்பினாலே பெரிது. 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில், எட்டாம் சுற்றில், தரையில் கிடந்தது ஃபோர்மன். நான்கே வருஷத்துக்குள், மூவரும் உயிரோடு இருக்கும்போதே பொய்த்துப்போன கணக்கு இது. அதை வைத்துத்தான் இவர் அறுபது வருஷ இடைவெளியைத் தாண்டுகிறார்.

படம் பார்த்தேன் என்பதும் சாட்சியத்தில் சேரும். பழைய மௌனப் படங்களைக் கையால் சுழற்றி எடுத்தார்கள். பிற்கால வேகத்தில் ஓட்டினால் வீரர்கள் பொம்மலாட்டப் பொம்மைகளாகத் துள்ளுவார்கள். ஜான்சனைப் பிடித்தவர் அதைப் பார்த்து என்ன வேகம் என்பார். பிடிக்காதவர் என்ன கோமாளித்தனம் என்பார். அந்தப் படங்களும் எளிதில் கிடைக்கவில்லை. வெள்ளையரை ஜான்சன் என்ற கறுப்பர் அடிப்பதைத் திரையில் காணச் சகிக்காமல், 1912இல் அமெரிக்க நாடாளுமன்றம் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகத் தடை போட்டது; 1940 வரை அது நீடித்தது. பிற்பாடு இவற்றைத் தேடிச் சேர்த்தவர்களில் பெரியவர் ஜிம் ஜேக்கப்ஸ். அவர் பின்னாளில் டைசனின் மேலாளர். சிறுவன் டைசன் அந்தச் சேகரிப்பை இரவெல்லாம் போட்டுப் பார்த்தே வளர்ந்தான். மாண்டவரை மோதவிடுபவர்களில் கையுறை மாட்டிய அபூர்வ வகை டைசன்.

இந்த இனத்துக்கு நேர்ந்த பெரிய சோதனை, ஒருமுறை விடை கிடைத்துவிட்டதுதான். 1967இல் மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மர்ரே வொரோனர், பதினாறு சாம்பியன்களின் பலம் பலவீனங்களை என்சிஆர் 315 என்ற கணினிக்குள் போட்டு, வந்த முடிவுகளை நேர்முக வர்ணனைபோல ஒலிபரப்பினார். அலி கால் இறுதியில் ஜெஃப்ரீஸிடம் தோற்றார். 1910இல் ஜான்சனிடம் மண்ணைக் கவ்விய அதே ஜெஃப்ரீஸ்! ராணுவத்தில் சேர மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டிருந்த அலிக்கு இந்தத் தோல்வியையும் தாங்க முடியவில்லை. பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். நடக்காத சண்டையில் தோற்றதற்கு வழக்குப் போட்டவர் வேறு யாராவது உண்டா என்பது ஆராயத்தக்கது. இறுதிப் போட்டியில் ராக்கி மார்சியானோ பதின்மூன்றாம் சுற்றில் டெம்ப்ஸியை வீழ்த்தினார்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. சமரசம், அலியும் மார்சியானோவும் ஒரு படத்தில் மோதுவது. 1969இல் மயாமி ஸ்டூடியோ ஒன்றில் படப்பிடிப்பு. 49 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 1956இல் ஓய்வு பெற்றிருந்த மார்சியானோவுக்கு வயது 45. ஏறக்குறைய ஐம்பது பவுண்டு இளைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிடச் சுற்றுகளாக எழுபதுக்கு மேல் எடுத்தார்கள். பூசியது போலி ரத்தம். பல முடிவுகளைப் படம்பிடித்து வைத்ததால் யார் ஜெயிப்பார் என்று நடித்தவர்களுக்கே தெரியாது. மார்சியானோ கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை. படம் முடிந்து சில வாரங்களில், ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரி 20 அன்று திரையரங்குகளில் ஒரே இரவு காட்டப்பட்ட அந்தப் படத்தில் மார்சியானோவே வென்றார், மறுபடியும் பதின்மூன்றாம் சுற்றில். 1952இல் ஜெர்சி ஜோ வால்காட்டை வீழ்த்தி அவர் நிஜமாகவே பட்டம் வென்றதும் பதின்மூன்றாம் சுற்றுதான். கணினி கற்பனை செய்ததா, ஞாபகப்படுத்திக்கொண்டதா என்று கேட்கத் தோன்றுகிறது.

விஞ்ஞானம் தீர்ப்புச் சொல்லியும் வாதம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நிறவெறிக்குப் பேர்போன அலபாமாவில் செய்த கணினி போலிருக்கிறது என்று அலி கேலி செய்ததாகச் சொல்வார்கள். மாண்டவரை மோதவிடுபவர்களுக்கோ கேலி செய்யவும் மனமில்லை. யாரோ தங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இவருடைய வயதை அறிய, மரத்தை அறுத்து வளையம் எண்ணுவதைப் போன்ற எளிய முறை ஒன்று உண்டு. எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் என்று யாரைச் சொல்கிறாரோ, அவர் பட்டம் வைத்திருந்தபோது இவருக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்திருக்கும். 1922இல் ‘தி ரிங்’ இதழைத் தொடங்கிய நாட் ஃப்ளைஷர் நூற்றுக்கணக்கான சண்டைகளை நேரில் பார்த்தவர். அவர் பட்டியலில் முதலிடம் ஜான்சனுக்கு, இரண்டாமிடம் ஜெஃப்ரீஸுக்கு. ஃப்ளைஷர் பிறந்தது 1887இல். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

தன் ஆள் தோற்ற சண்டைகளுக்கு வயதே காரணம் என்பதும் இந்த இனத்தின் பொதுக்குணம். 1951இல் மார்சியானோவிடம் தோற்றபோது ஜோ லூயிஸுக்கு உண்மையில் 37 வயது. 1988இல் வந்த ‘கமிங் டு அமெரிக்கா’ படத்தில் முடிதிருத்தும் கடைக் கிழவர்கள் இதைப் பேசுவார்கள். அவர்கள் வாயில் லூயிஸின் வயது எழுபதைத் தாண்டி, கடைசியில் 137இல் வந்து நிற்கும். மிகைப்படுத்திய காட்சி என்று நினைப்பவர் அந்தக் கடைகளில் முடி வெட்டிக்கொண்டதில்லை.

தமிழகத்துக் கிளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980இல் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். யாரையும் நோகடிக்காத விளையாட்டுச் சண்டைதான். என்றாலும் கேலரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் தகுதிச் சான்றிதழ் அன்றே கிடைத்துவிட்டது.

இவர் முழுக்கக் கேலிக்குரியவர் என்றும் சொல்லிவிட முடியாது. ஜான் எல். சல்லிவன் கறுப்பரான பீட்டர் ஜாக்சனோடு மோத மறுத்தார். இன்னொரு கறுப்பர் ஹாரி வில்ஸ் பல வருஷம் காத்திருந்தும் டெம்ப்ஸியோடு சண்டை அமையவில்லை. சாம் லாங்ஃபோர்டுக்கு உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத ஒரு வாய்ப்பும் கிடைக்காமலே காலம் போனது. சாம்பியனான பிறகு ஜான்சன்கூட அவருக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை. இந்த ஜோடிகள் எல்லாம் சமகாலத்தவர்கள், ஒரே மேடையில் ஏறியிருக்கக்கூடியவர்கள். அந்தச் சண்டைகளை இன்று நடத்த இவரை விட்டால் ஆளில்லை.

சம்பந்தப்பட்டவர்கள் சொன்னாலும் இவர் ஏற்பதில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆர்சீனியோ ஹால் நடத்திய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒருமுறை அலியும் டைசனும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் மோதியிருந்தால் என்ற கேள்வி எழுந்தது. டைசனின் குத்து ஒன்று விழுந்தால் தன் கதி என்ன என்று அலி கண்ணைச் செருகி நடித்துக் காட்டினார். டைசனோ, அலிக்கு முன்னால் எல்லாத் தலையும் குனிய வேண்டும், அவரே மகத்தானவர் என்றார். இருவரும் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மாண்டவரை மோதவிடுபவர் அந்த ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். பிறகு, மரியாதைக்குச் சொல்வதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, 1966 நவம்பர் 14இலிருந்து மறுபடி தொடங்குவார்.