தாய்லாந்து போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, கலர் கலரா வண்டு பாக்கணும்னு தாய்லாந்துக்கு டிக்கெட் போடப் போறியாமே? போடு, போடு. நம்ம மாட்டுங்கா லேபர் கேம்ப்ல இருந்து தாராவிப் பக்கம் நடந்தே போயிட்டு வந்தா அதுல என்ன கௌரவம் இருக்கு?

மித்தி ஆத்தோரம் மகாராஷ்டிரா நேச்சர் பார்க்னு ஒரு காடு நிக்கி. 37 ஏக்கர். ஊர்க் குப்பையெல்லாம் கொட்டுன மேடு அது. மண்ணப் போட்டு மூடி, மரத்த வச்சு வளத்து, 1994-ல தொறந்துவிட்டானுவ. பாஸ்போர்ட் கேக்க மாட்டான், அதான் உனக்குப் பிடிக்கல.

மழை விழுந்ததும் நெய்வேலிக் காட்டாமணக்கு எங்க நிக்கின்னு பாரு. சாக்கடையோரம் ஊதாப்பூ பூத்து நிக்குமே, அதுதான். சர்க்கரைவள்ளிக் கொடின்னாலும் சரி. இலையில பொத்தல் பொத்தலா அரிச்சிருந்தா மெதுவாத் திருப்பு. நகத்தளவு ஒரு பூச்சி, ஓரமெல்லாம் கண்ணாடி, நடுமுதுகு தகதகன்னு பொன்னு. ஆமைவண்டும்பாங்க. நிழல் பட்டாப் போதும், காலையும் மீசையையும் ஓட்டுக்குள்ள இழுத்துக்கிட்டு இலையோட ஒட்டிக்கிடும்.

பிடிச்சு டப்பாவுல போட்டு உன் பொண்டாட்டிகிட்ட ஒரு பவுனுன்னு காட்டிராத. ஓட்டுக்குள்ள ஈரம் இருக்க வரைக்குந்தான் அந்த மினுக்கு. செத்துட்டா வெறும் பழுப்புச் சருகு, எந்தச் சேட்டும் அடகு பிடிக்க மாட்டான். அதோட குஞ்சுப்புழுவையும் பாரு: தன் எச்சத்தையும் உரிச்ச தோலையும் தன் முதுகு மேலயே குடையாப் பிடிச்சுக்கிட்டு நடக்கும். தன் குப்பைய அடுத்த வீட்டு வாசல்ல வைக்காத ஒரே ஜீவன் இந்த ஊருல அதுதான்.

பொன்வண்டுன்னா உனக்குத் துணி சோப்பு. எங்களுக்கு அது தீப்பெட்டிக்குள்ள கொடுக்காப்புளி இலை தின்னுட்டுக் கெடந்த ஆளு. செம்பழுப்பு முதுகு, பச்சைக் கழுத்து. எங்க காலத்துல அதைப் பாடாப் படுத்துனோம்டே, அது வேற கத. அதோட பங்காளிக்கு ஓடு முழுசும் பச்சை. அந்த ஓட்டத்தான் வைஸ்ராயா இருந்த கர்சன் துரையோட சம்சாரம் 1903-ல டெல்லி தர்பார் நடன விருந்துக்கு உடுத்துன கவுன்ல மயில்தோகைக் கண்ணுக்கு நடுவுல வச்சுத் தச்சிருக்காங்க. நம்மூரு கைவேலைதான். கவுனு இப்ப இங்கிலாந்துல இருக்கு, வண்டோட பச்சை இன்னும் போகல. அது சாயம் இல்லடே, சாயம்னா எப்பவோ வெளுத்திருக்கும். ஓட்டுல அடுக்கடுக்கா மெல்லிசாத் தகடு இருக்கு, அதுல வெளிச்சம் பட்டுத் திரும்புற வித்த. செத்த பிறவும் வேல செய்யும்.

செம்பருத்திப் பூவுல கருப்பும் ஆரஞ்சுமாப் பட்டை போட்ட ஒருத்தன் உக்காந்து பூவ மேஞ்சுக்கிட்டு இருப்பான். அழகா இருக்கானேன்னு செல்ஃபிக்கு விரல நீட்டிராத. கொப்புள வண்டு அவன். நசுக்குனா வர்ற நீர் பட்ட எடமெல்லாம் கொப்புளிக்கும். அந்தக் கலரே, 'தள்ளி நில்லு'ன்னு அவன் மாட்டுன போர்டு. நீதான் எந்தப் போர்டையும் படிக்க மாட்டியே.

ஜூன்ல மழை பிடிக்கட்டும். குடையும் கண்ணும் இருந்தாப் போதும், கைய மட்டும் பையிலயே வச்சுக்கோ. டிக்கெட்டுல மிஞ்சுற காசுக்கு ஆச்சிக்கு ஒரு மூக்குத்தி வாங்கிக் குடு. அவ ரொம்ப நாளாக் கேக்கா.