பொஹீமியப் படுக்கையறை: சில்லறைக் காசில் ஓர் இலக்கணம்

திணைக்கு இருப்பதுபோல் அறைக்கும் முதல், கரு, உரி என்று மூன்று பொருள் உண்டு. முதற்பொருள், அறை இருக்கும் இடமும் அது விழித்திருக்கும் பொழுதும். கருப்பொருள், கட்டில், துணி, விளக்கு, செடி முதலியவை. உரிப்பொருள், அங்கே குடியிருப்பவரின் மனநிலை. பொஹீமியப் படுக்கையறைக்கு இம்மூன்றையும் வகுத்துச் சொல்லியாக வேண்டும். இன்று அந்தப் பெயரில் விற்பனையாவது பெரும்பாலும் கருப்பொருள் மட்டுமே: வெளிர்ப்பழுப்பு விரிப்பு, அதே நிறத்தில் ஒரு தொங்கல், அதே நிறத்தில் ஒரு கூடை. வாங்கி மாட்டினால் கடையின் ஒரு மூலை வீட்டுக்குள் வந்துசேரும். பொஹீமியா வராது.

அதன் உரிப்பொருள், காசில்லாத நிலையிலும் நிறமில்லாமல் வாழ மறுப்பது. இதில் எந்தப் பாதி குறைந்தாலும் அறை வேறு திணைக்குப் போய்விடும். காசிருந்து நிறமும் இருந்தால் அது மாளிகை. காசுமில்லாமல் நிறமுமில்லாமல் இருப்பது வெறும் வாடகை அறை.

முதற்பொருள் பாரிஸைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, லிஃப்ட் வராத காலம். ஏற வேண்டிய படி கூடக்கூட வாடகை குறையும். ஆகவே கீழ் மாடிகளில் வசதியுள்ளவர்களும் கூரையடியில் வேலைக்காரர்கள், மாணவர்கள், ஓவியர்களும் குடியிருந்தார்கள். கூரை சரிவாக இறங்குவதால் அங்கே உயரமான அலமாரி நிற்காது. சாமான்கள் தாழ்வாகவும் புத்தகங்கள் தரையில் அடுக்கியும் இருந்ததற்குச் சரிவும் இடநெருக்கடியும் காரணம். தலைக்கு மேல் தட்டையான தளம் உள்ளவர்கள் கட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு மெத்தையைத் தரையில் விரிக்க வேண்டிய அவசியமே இல்லை. பொஹீமியா என்றால் தரையில் படுக்க வேண்டும் என்று நம்பி முதுகைக் கெடுத்துக்கொள்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வாழ்க்கையை எழுதிவைத்தவர் ஆன்ரி மியூர்ஜே. 1822-ல் பிறந்தவர், தையல்காரரின் மகன். ஒயினுக்கு வழியில்லாத அவருடைய நண்பர் குழு ‘தண்ணீர் குடிப்போர்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. 1840களில் பத்திரிகையில் வந்த அவருடைய கதைகள் 1851-ல் நூலாயின. புச்சினியின் ‘லா பொஹேம்’ இசைநாடகம் (1896) அதிலிருந்து பிறந்தது. நாடகம் பார்த்தவர்கள், குளிர்காயத் தன் கையெழுத்துப் பிரதியையே அடுப்பிலிடும் கவிஞனை மறக்கமாட்டார்கள். அறை அமைப்பவர்களுக்கு வேண்டியவன் வேறொருவன். நூலின் தொடக்கத்தில் மார்செல் என்னும் ஓவியன் ஓர் அறைக்குக் குடிவருகிறான். அவன் கொண்டுவருவது நாடக மேடைக்கான ஒரு மடக்குத் திரை. அதில் அரண்மனைக் கூடம் ஒன்று தூண்களோடு தீட்டப்பட்டிருக்கிறது. சாமான்கள் எங்கே என்று கேட்டதற்கு, திரையில் வரைந்திருக்கும் சாமான்களைக் காட்டுகிறான். வீட்டுக்காரர் தரப்புக்கு இது ஒப்பவில்லை. வாடகை பாக்கி விழுந்தால் பிடித்துவைக்க நிஜமான மரச்சாமான் வேண்டும் அல்லவா?

மார்செலின் திரை இன்றைய வாடகை வீட்டுக்கு அப்படியே பொருந்தும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வண்ணம் பூசக் கூடாது என்பது பல ஊர்களில் வீட்டுக்காரர்கள் போடும் நிபந்தனை. மூன்று மரச்சட்டங்களைக் கீல் போட்டு இணையுங்கள். பழைய வேட்டியை இழுத்து அறைந்து, அதன்மேல் விருப்பம்போல் வரையுங்கள். சுவர் சேதப்படாது. வீடு காலி செய்யும்போது உங்கள் சுவரை நீங்களே மடித்து எடுத்துப் போகலாம்.

கருப்பொருளைப் பற்றி மிகத் தெளிவான சான்று விட்டுச்சென்றவர் வின்சென்ட் வான்கோ. 1888 மே மாதம் தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரில் ஒரு மஞ்சள் வீட்டின் வலப்பகுதியை மாதம் 15 பிராங்குக்கு எடுத்தார். கட்டில் வாங்கக் காசில்லாமல் செப்டம்பர் வரை வேறிடத்தில் தூங்கினார். தம்பி தியோ பணம் அனுப்பியதும் இரண்டு கட்டில் வாங்கினார். வால்நட் மரக்கட்டில் விருந்தாளிக்கு, மலிவான பைன் மரக்கட்டில் தனக்கு. அக்டோபரில் தன் படுக்கையறையை வரைந்தார். அதில் இருப்பவற்றை எண்ணிப்பாருங்கள். ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு சிறு மேசை, கண்ணாடி, துண்டு, துணி மாட்டும் முளைகள், சில படங்கள். அலமாரி இல்லை, கம்பளம் இல்லை, திரைச்சீலை இல்லை. ஆனாலும் உலகம் அதிகம் அறிந்த படுக்கையறை இதுதான் என்பேன்.

காரணத்தை அவருடைய கடிதங்களிலேயே காணலாம். சுவர் வெளிர் ஊதா, கட்டிலும் நாற்காலியும் வெண்ணெய் மஞ்சள். போர்வை இரத்தச் சிவப்பு, ஜன்னல் பச்சை. மேசை ஆரஞ்சு, அதன்மேல் உள்ள கிண்ணம் நீலம். ஊதாவுக்கு மஞ்சள், சிவப்புக்குப் பச்சை, ஆரஞ்சுக்கு நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் அதன் எதிர்நிறத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான்காவது ஜோடியும் வேண்டுமென்றே கண்ணாடியின் வெண்மைக்குக் கறுப்புச் சட்டம் இட்டதாக ஓவிய நண்பர் கோகானுக்கு எழுதினார். இத்தனை நிறங்களைக் கொட்டியும் அவர் காட்ட விரும்பியது பூரண ஓய்வை. நிறம் கூடினால் தூக்கம் கெடும் என்று அஞ்சி எல்லாவற்றையும் பழுப்பாக்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும். எதிர்நிறங்கள் ஜோடி சேர்ந்திருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக்காட்டினாலும் சமநிலை கெடாது. துணையில்லாத நிறமே இரைச்சலிடும்.

எனவே முதல் செலவு பெயின்ட். பழைய நாற்காலியையும் கட்டில் காலையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒற்றை நிறம் கொடுங்கள். பூவேலை, தங்கக்கோடு எதுவும் வேண்டாம். சிறிய டப்பா இரண்டு போதும், ஆனால் அவை எதிர்நிறங்களாக இருக்கட்டும். 2016-ல் சிகாகோ கலைக்கூடம் தன் படுக்கையறையை வான்கோ வரைந்த மூன்று ஓவியங்களையும் சேர்த்துக் காட்டியபோது, நகரின் ஒரு குடியிருப்பில் அதே அறையை நிஜமாகவே அமைத்து இரவுக்கு 10 டாலர் வாடகைக்கு விட்டது. எளிய சாமானும் பூச்சும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் தேவையில்லை.

அடுத்த சான்று இங்கிலாந்தின் சசெக்ஸில் இருக்கிறது. 1916-ல், முதல் உலகப்போர் நடுவே, ஓவியர்கள் வனெஸா பெல்லும் டங்கன் கிராண்டும் சார்ல்ஸ்டன் என்ற பண்ணைவீட்டுக்குக் குடிவந்தார்கள். போரில் சேர மனச்சாட்சி ஒப்பாத கிராண்ட் பண்ணை வேலை செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் மின்சாரம் கிடையாது. கதவு, கணப்படுப்பு, கட்டில் தலைப்பலகை, விறகுப்பெட்டி என்று தூரிகை எட்டிய இடமெல்லாம் வரைந்தார்கள். இந்த வீட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் வனெஸா தூங்கிய அறையின் ஜன்னல். அதன் மேலே கிராண்ட் ஒரு சேவல் வரைந்தார், காலையில் அவரை எழுப்ப. கீழே ஒரு நாய் வரைந்தார், இரவில் அவருக்குக் காவல் இருக்க. படுக்கையறை அலங்காரத்தின் உச்சம் இது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அந்த ஓவியத்தை வேறொருவர் அறைக்கு மாற்ற முடியாது. அது குறிப்பிட்ட ஒருவரின் தூக்கத்துக்காகத் தீட்டப்பட்டது. அச்சடித்து விற்கும் சுவர்ப்படத்தால் இதைச் செய்ய முடியாது. நன்றாக வரைய வராதவர் வரைந்த கோணல் சேவலால் முடியும்.

துணிக்கு வருவோம். இங்கே நமக்கு நேரடி உரிமை உண்டு. ஐரோப்பியப் படுக்கையறைக்குப் பூவும் கொடியும் தீட்டிய பருத்தியைக் கற்றுக்கொடுத்ததில் சோழமண்டலக் கரைக்குப் பெரும்பங்கு. தன் நெசவாளர் பிழைப்புக்கு அஞ்சி பிரான்ஸ் 1686-ல் அத்துணிகளைத் தடைசெய்து, 1759 வரை தடையை வைத்திருந்தது. ஆசை தீராத மக்கள் கள்ளத்தனமாக வாங்கி உடுத்தினார்கள். இன்றும் கரூரில் தைக்கப்படும் வீட்டுத்துணிகள் கப்பலேறுகின்றன. ஆகவே தமிழ்நாட்டில் இருப்பவர் வெளிநாட்டு முத்திரை போட்ட விரிப்புக்குப் பணம் கொட்டுவது வீண். ஏற்றுமதியில் மிஞ்சிய துணி, சென்னிமலைப் போர்வை, பெட்டியடியில் கிடக்கும் சுங்குடிச் சேலை, பத்தமடைப் பாய், இவற்றில் எது கிடைத்தாலும் போதும். சுங்குடியைக் கிழிக்காமல் கயிற்றில் கோத்துத் திரையாக்கலாம். கட்டம் போட்ட போர்வைக்கு மேல் பூப்போட்ட தலையணை உறை தாராளமாக வரலாம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு நிறமாவது இருந்தால்.

விளக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உச்சியில் எரியும் குழல்விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சளொளி எல்இடி பல்பு ஒன்றைத் தாழ்வாக வையுங்கள். துணி மறைப்பு போட்டால் பல்பைத் தொடாமல் இருக்கட்டும். செடியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டு மணிபிளான்டின் ஒரு கணு, தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் வேர்விடும்.

வெயிலைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. வான்கோ ஊதா என்று எழுதிய அந்தச் சுவர் இன்று நீலமாகத் தெரிகிறது, கலவையிலிருந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறிவிட்டதால். துணிச்சாயத்துக்கும் இதே கதிதான். சிவப்பு விரிப்பை ஜன்னலுக்கு நேரே போடுவதானால் அவ்வப்போது தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். முதல் சலவையில் அதைத் தனியாக அலசி, நிழலில் காயப்போடுங்கள்.